பேசாத பிரசங்கம்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சிற்றூர் நூலகத்தின் ஆண்டு விழாவுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கதை எழுதுகிறவனை மேடையில் ஏற்றினால் அவன் கதைதான் சொல்லுவான். நானும் சொன்னேன். ஆனால் அது என் கதை அல்ல. ஓர் எண்ணின் கதை. பத்துப் பன்னிரண்டு மேடைகளில் சொல்லி, எந்த இடத்தில் நிறுத்தினால் சபை மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்பதுகூட எனக்கு மனப்பாடமாகியிருந்தது. கதை இதுதான்:

1903-ம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி, சனிக்கிழமை. நியூயார்க் நகரத்தில் அமெரிக்கக் கணித சங்கத்தின் கூட்டம் நடக்கிறது. பிராங்க் நெல்ஸன் கோல் என்ற பேராசிரியரின் முறை வருகிறது. பெரிய எண்களைக் காரணிகளாகப் பிரிப்பது பற்றி அவர் கட்டுரை வாசிக்க வேண்டும். மனிதர் எழுந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே கரும்பலகைக்குப் போனார். இரண்டை இரண்டால் பெருக்கி, அதை மறுபடி இரண்டால் பெருக்கி, இப்படி அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கினால் வரும் எண்ணைப் போட்டார். அதிலிருந்து ஒன்றைக் கழித்தார். பலகையின் ஒரு பக்கத்தில் 147573952589676412927 என்ற இருபத்தோரு இலக்க எண் நின்றது. பிறகு பலகையின் மறு பக்கத்துக்குப் போனார். 193707721 என்று எழுதினார். அதன் கீழே 761838257287 என்று எழுதினார். பள்ளிக்கூடத்துப் பையன் போல இரண்டையும் வரி வரியாகப் பெருக்கினார். கூட்டிக் கோடு போட்டார். வந்த விடை பலகையின் அந்தப் பக்கத்தில் இருந்த அதே எண்! சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, அப்போதும் வாய் திறக்காமல், தம் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சபை முழுவதும் கைதட்டியது. ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இந்தக் கதையில் நான் சொந்தச் சரக்காக இரண்டு விஷயங்களைச் சேர்த்திருந்தேன். பெருக்கலின் நடுவில் சாக்குக்கட்டி ஒடியும். அந்தச் சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும். முன் வரிசையில் ஒரு கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். இந்த இரண்டு இடங்களிலும் சபை சொக்கிப்போகும்.

அன்றும் சொக்கிப்போனது. கூட்டம் முடிந்ததும், கதர் ஜிப்பா அணிந்த ஒரு பெரியவர் மெல்ல என்னிடம் வந்தார். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம். கையில் விழா அழைப்பிதழ். அதன் பின்புறத்தில் பென்சிலால் என்னமோ எழுதியிருந்தார்.

"ஸார், நீங்கள் சொன்ன மூன்று எண்களையும் குறித்துக்கொண்டேன். முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 37. இரண்டாவது 64. விடையின் இலக்கங்கள் 109. மூன்றையும் ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று. ஒன்றும் ஒன்றும் பெருக்கினால் ஒன்று. சரியாக வருகிறது. இது முழு அத்தாட்சி இல்லை, ஆனாலும் கணக்குக்கு ஒரு சாட்சி இருக்கிறது" என்றார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவர் தொடர்ந்தார்: "அந்தச் சாக்குக்கட்டி ஒடிந்ததே, அதற்கு என்ன சாட்சி ஸார்? எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை; தெரிந்துகொள்ளவே கேட்டார். அதனால்தான் எனக்கு முகம் சுண்டிவிட்டது. "அது... கதைக்காக" என்று முனகினேன். அவர் தலையை ஆட்டினார். "அப்படியானால் அவர் பேசாமல் இருந்தாரே, அது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு பஸ்ஸில் வந்தது. அதற்குப் பதில் தேடியதன் பலன்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எண்ணைப் பார்ப்போம். நமக்குத் தெரிந்த விதத்திலேயே பார்க்கலாம். சதுரங்கப் பலகையின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நாலு என்று இரட்டித்துக்கொண்டே போனால் ராஜாவின் களஞ்சியம் எல்லாம் காலியாகிவிடும் என்பார்களே, அதுதான். சதுரங்கப் பலகைக்கு அறுபத்துநாலு கட்டம். கூட இன்னும் மூன்று கட்டங்கள் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபத்தேழு கட்டங்களிலும் உள்ள நெல்மணிகளைக் கூட்டினால் வரும் தொகைதான் கோல் துரை பலகையில் எழுதிய எண். நம் முறையில் சொன்னால் ஏறக்குறைய பதினாலே முக்கால் லட்சம் கோடி கோடி.

இந்த எண்ணை முதலில் வம்புக்கு இழுத்தவர் ஒரு சந்நியாசி. பெயர் மாரென் மெர்சென். 1588-ல் பிறந்து 1648-ல் காலமான பிரெஞ்சுக்காரர். பாரிஸ் நகரத்து மடம் ஒன்றில் வாழ்ந்தவர். அந்தக் காலத்து ஐரோப்பாவில் விஞ்ஞானப் பத்திரிகைகள் கிடையாது. மெர்சென்னின் மடத்து அறைதான் பத்திரிகை ஆபீஸ். டெகார்த், ஃபெர்மா முதலிய மகா மேதைகள் எல்லோரும் அவருக்குக் கடிதம் எழுதுவார்கள். ஒருவர் எழுதியதை அவர் மற்றவருக்குச் சொல்லுவார். மற்றவர் மறுத்ததை இவருக்கு எழுதுவார்.

அந்த மேதைகளுக்குப் பூரண எண்கள் என்று ஒரு பைத்தியம் இருந்தது. 6 என்ற எண்ணை மீதியில்லாமல் வகுக்கக்கூடிய சின்ன எண்கள் 1, 2, 3. மூன்றையும் கூட்டினால் மறுபடி 6. இப்படித் தன் பங்காளிகளைக் கூட்டினால் தானே வருகிற எண் பூரண எண். 28 அடுத்தது. பிறகு 496, பிறகு 8128. இவற்றைக் கண்டுபிடிக்க யூக்ளிட் என்ற கிரேக்கர் ஒரு வழி சொல்லியிருந்தார். இரண்டை இத்தனை தடவை பெருக்கி ஒன்றைக் கழிக்கும்போது ஒரு பகா எண் கிடைத்தால், அதிலிருந்து ஒரு பூரண எண்ணைப் பெறலாம். பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். 7, 31, 127 போல. ஆகவே, இரண்டை எத்தனை தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்பதுதான் கேள்வி.

1644-ல் வெளிவந்த ஒரு நூலில் மெர்சென் இதற்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இத்தனை தடவை பெருக்கினால்தான் பகா எண். 257 வரை வேறெதுவும் இல்லை என்பது அவர் தீர்ப்பு. இவ்வளவு பெரிய எண்களை அவர் சோதித்துப் பார்த்திருக்க முடியாது என்பது அவரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பெரிய மனிதர் சொல்லிவிட்டார், பட்டியல் நிலைத்துவிட்டது. நூற்றிருபத்தெட்டு வருஷம் கழித்து, 1772-ல், ஆய்லர் என்ற மேதை பட்டியலில் உள்ள 31-க்குரிய எண், அதாவது 2147483647, பகா எண்தான் என்று நிரூபித்தார். சந்நியாசியின் வாக்குக்கு மதிப்பு இன்னும் உயர்ந்தது. முதல் எட்டும் சரி என்றால் ஒன்பதாவதை யார் சந்தேகிப்பார்கள்? அந்த ஒன்பதாவதுதான் 67.

இனிக் கதையில் வருகிறவர் எட்வார்ட் லூகாஸ் என்ற பிரெஞ்சுக்காரர். 1842-ல் பிறந்தவர், போரில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்துவிட்டுக் கணக்குக்கு வந்தவர். 1876-ல் அவர் ஒரு விசித்திரமான செய்தி சொன்னார். 67-க்குரிய எண் பகா எண் அல்ல. அதற்குக் காரணிகள் உண்டு. ஆனால் அவை எவை என்று அவருக்குத் தெரியாது!

இது என்ன நியாயம் என்று தோன்றும். சந்தையில் மண்பானை வாங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பானையைத் தூக்கி விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். நல்ல பானை 'ணங்' என்று பேசும். கீறல் விட்ட பானை தொண்டை கட்டியது போல ஒலிக்கும். கீறல் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கீறல் இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. எண்களைச் சுண்டிப் பார்க்கும் வித்தையைத்தான் லூகாஸ் கண்டுபிடித்தார். அதைப் பிற்காலத்தில், 1930-ல், லேமர் என்ற அமெரிக்கர் செப்பனிட்டு எளிமையாக்கினார். அந்த வடிவத்தில் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 31-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. நாலில் ஆரம்பியுங்கள். நாலை நாலால் பெருக்கி இரண்டைக் கழித்தால் 14. பதினாலைப் பதினாலால் பெருக்கி இரண்டைக் கழித்தால் 194. இது 31-ஐ விடப் பெரியது. ஆகையால் 31-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: 8. எட்டை எட்டால் பெருக்கி இரண்டைக் கழித்தால் 62. அதை 31-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம். பானை 'ணங்' என்றது. 31 பகா எண். ஐந்து இரண்டுகளுக்கு மூன்று தடவை சுண்ட வேண்டும். அறுபத்தேழு இரண்டுகளுக்கு அறுபத்தைந்து தடவை. கடைசியில் பூஜ்யம் வராவிட்டால் பானை கீறல்தான்.

இந்த லூகாஸ் கதை பண்ணுவதிலும் கெட்டிக்காரர். ஒரு கம்பியில் பெரிதும் சின்னதுமாக அடுக்கிய வட்டுகளை இன்னொரு கம்பிக்கு மாற்றும் விளையாட்டுச் சாமான் ஒன்றை 1883-ல் கடைக்குக் கொண்டுவந்தார். ஹனாய் கோபுரம் என்று அதற்குப் பெயர். காசியில் ஒரு கோயிலில் வைர ஊசிகளில் அறுபத்துநாலு பொன் வட்டுகள் இருப்பதாகவும், பிராமணர்கள் இரவு பகலாக அவற்றை மாற்றிக்கொண்டிருப்பதாகவும், மாற்றி முடிந்த அன்று உலகம் அழிந்துவிடும் என்றும் ஒரு கதை அந்தச் சாமானோடு பரவியது. காசிக்குப் போய் வந்த நம் பாட்டிமார் யாரும் அப்படி ஒரு கோயிலைப் பார்த்ததாகச் சொல்லக் காணோம்! சாமானை விற்றபோது லூகாஸ் தம் பெயரையும் மறைத்துக்கொண்டு, 'சயாம் தேசத்துப் பேராசிரியர் கிளாஸ்' என்று போட்டுக்கொண்டார். தம் பெயரின் எழுத்துக்களை மாற்றிப் போட்டு உண்டாக்கிய பெயர் அது. ஆனால் அந்த வட்டுகளின் கணக்கில் பொய் இல்லை. அறுபத்தேழு வட்டுகளை மாற்றக் குறைந்தது எத்தனை நகர்த்தல் வேண்டும் என்றால், நம் எண்ணேதான் விடை.

லூகாஸ் சொன்ன பிறகும் மெர்சென்னின் பக்தர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1883-ல் ருஷ்ய தேசத்தில், யூரல் மலைப் பிரதேசத்து கிராமப் பாதிரியார் ஒருவர், பெர்வூஷின் என்று பெயர், 61-க்குரிய எண் பகா எண் என்று நிரூபித்தார். அது சந்நியாசியின் பட்டியலில் இல்லாதது. உடனே ஒரு சமாதானம் புறப்பட்டது: மெர்சென் 61 என்றுதான் எழுதியிருப்பார், அச்சில் அது 67 ஆகிவிட்டது! பழைய ஏடுகளில் பிழை கண்டால் பழியைப் பிரதி எடுத்தவன் தலையில் போடும் வழக்கம் நமக்கு மட்டும் உரியது அல்ல. பிற்பாடு, 1911-லும் 1914-லும், 89-ம் 107-ம் கூடப் பட்டியலில் இருந்திருக்க வேண்டியவை என்று தெரிந்தது. 257-ஓ இருக்கக்கூடாதது. மொத்தம் ஐந்து பிழைகள். அத்தனையையும் அச்சுக் கோத்தவன் தலையில் சுமத்த முடியுமா?

இப்படி, பானை கீறல் என்று தெரிந்து, கீறல் எங்கே என்று தெரியாமல் இருபத்தேழு வருஷங்கள் போயின. அப்போதுதான் கோல் வருகிறார்.

கோல் 1861-ல் மாஸசூஸட்ஸ் ராஜ்யத்தில் பிறந்தவர். ஜெர்மனிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். 1895 முதல் கொலம்பியா சர்வகலாசாலையில் ஆசிரியர். 1896 முதல் 1920 வரை கணித சங்கத்தின் காரியதரிசியும் அவரே. கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்வது, பிறர் கட்டுரைகளைப் பதிப்பிப்பது எல்லாம் அவர் வேலை. எந்தச் சங்கத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் இல்லாவிட்டால் நாற்காலிகூட நகராது. ஆனால் அவர் பெயர் மாலை போடும்போது ஞாபகத்துக்கு வராது. அப்படிப்பட்டவர் ஓய்வு நேரத்தில் இந்த எண்ணோடு மல்லுக்கட்டினார்.

எவ்வளவு பெரிய மல்லுக்கட்டு என்று பார்க்க வேண்டும். காரணிகளைத் தேடுவதற்கு ஃபெர்மா 1640-லேயே ஒரு துப்புக் கொடுத்திருந்தார். அதன்படி இந்த எண்ணின் எந்தக் காரணியையும் 134-ஆல், அதாவது இரண்டு அறுபத்தேழால், வகுத்தால் மீதி ஒன்றுதான் வர வேண்டும். 135, 269, 403 என்று 134 விட்டு 134 விட்டுப் போகும் வரிசையில்தான் திருடன் ஒளிந்திருக்கிறான். கோல் கண்டுபிடித்த சின்னக் காரணி, 19 கோடியே 37 லட்சத்து 7 ஆயிரத்து 721, இந்த வரிசையில் எத்தனையாவது தெரியுமா? 14,45,580-ஆவது. வேறு ஒரு துப்பால் இதில் பாதியைத் தள்ளலாம். மிச்சத்தில் பகா எண்களை மட்டும் பொறுக்கினாலும் என் கணக்கில் எண்பதாயிரம் போல நிற்கும். ஒவ்வொன்றாலும் இருபத்தோரு இலக்க எண்ணை வகுக்க ஐந்து நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை தோறும் எட்டு மணி நேரம் என்று வைத்தால், பதினாறு வருஷம் ஆகும். அதுவும் ஒரு பிழைகூட நேராமல்! ஆகவே கோல் வேறு வழி செய்தார். எந்தெந்த எண்களைத் தம்மாலேயே பெருக்கி அந்தப் பெரிய எண்ணால் வகுத்தால் சின்ன மீதி வருகிறது என்று கண்டு, அந்த மீதிகளைக் கொண்டு மேலும் மேலும் சல்லடைகள் கட்டினார். ஒன்றில் தப்பியது அடுத்ததில் விழும். கடைசியில் சல்லடையில் தங்கியதுதான் அந்த ஒன்பது இலக்க எண். சுமார் மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குச் செலவாயின என்று சொல்வார்கள்.

யார் சொல்வார்கள்? இங்கேதான் நம் வாத்தியாரின் கேள்வி வந்து நிற்கிறது.

பேசாத பிரசங்கமும், கைதட்டலும், ஞாயிற்றுக்கிழமைகளும் எல்லாம் ஒரே மனிதரின் பேனாவிலிருந்து வந்தவை. அவர் எரிக் டெம்பிள் பெல். கணித மேதைகளின் சரித்திரங்களை, கீழே வைக்க மனம் வராதபடி எழுதியவர். 1937-ல் வந்த அவருடைய புஸ்தகம் ஒன்றைப் படித்துவிட்டுக் கணிதத்துக்கு வாழ்வை ஒப்படைத்தவர்கள் பலர். கோலின் கதை 1951-ல் வந்த புஸ்தகத்தில் இருக்கிறது. சம்பவம் நடந்து நாற்பத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகு! சம்பவத்தன்று பெல் அந்த அறையில் இருந்தாரா? இல்லை. அப்போது அவர் இருபது வயது மாணவர். அமெரிக்காவின் மறு கரையில், கலிபோர்னியாவில், படித்துக்கொண்டிருந்தார். பின்னால் கொலம்பியாவுக்கு வந்து 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1911-ல் தாமே கோலைக் கேட்டதாகவும், அவர் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொன்னதாகவும் எழுதுகிறார். இருக்கலாம். ஆனால் மௌனமும் கைதட்டலும் அவர் காதால் கேட்டவை அல்ல.

இன்னும் இருக்கிறது. இந்தப் பெல் ஒரு நாவலாசிரியர்! ஜான் டெய்ன் என்ற புனைபெயரில் விஞ்ஞானக் கதைகள் எழுதித் தள்ளியவர். அவர் எழுதிய மேதைகளின் சரித்திரங்களில் பல இடங்களில் கற்பனை கலந்திருக்கிறது என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். 1993-ல் கான்ஸ்டன்ஸ் ரீட் என்ற அம்மையார் பெல்லின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதினார். அப்போது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. பெல் சிறு வயதில் பல வருஷங்கள் கலிபோர்னியாவில் சான் ஹோஸே என்ற ஊரில் வளர்ந்தவர். அதை மனைவிக்கும் மகனுக்கும்கூடச் சொல்லாமல் கடைசிவரை மறைத்துவிட்டார். ஏன் மறைத்தார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. தம் பாலபருவத்தையே கதையாக்கிக்கொண்டவர், பிறர் பிரசங்கத்தைச் சும்மா விட்டிருப்பாரா?

கோலின் கட்டுரை 1903 டிசம்பரில் சங்கத்தின் சஞ்சிகையில் அச்சாயிற்று. நாலே பக்கம். அதில் வழிமுறை இருக்கிறது. மௌனமும் இல்லை, கைதட்டலும் இல்லை. இப்படி விளக்கிச் சொல்ல ஒரு வழிமுறையை வைத்துக்கொண்டிருந்தவர், சபையில் ஒரு வார்த்தை பேசாமலா இருந்திருப்பார்? எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

இந்தச் சந்தேகம் தோன்றிய அன்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. நான் பெல்லைக் குற்றம் சொல்ல முடியுமா? அவர் மௌனத்தைச் சேர்த்தார் என்றால், நான் சாக்குக்கட்டியை ஒடித்தேன். எனக்குப் பிறகு சொல்லுகிறவன் கோல் துரையின் கண்ணில் நீர் வரவழைப்பான். கதை என்பது ஊர் ஊராகப் போகும் தேர். ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒரு தோரணம் கட்டிவிடுகிறார்கள். கடைசியில் மரம் எது தோரணம் எது என்று தெரிவதில்லை.

ஆனால் இந்தத் தேருக்குள் ஒரு மூலவர் இருக்கிறார். அவரை ஒருவரும் மாற்ற முடியாது. அதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்டுகொண்டேன்.

சாப்பிட்டுவிட்டு, ஒரு முழுத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, 761838257287-ஐ 193707721-ஆல் பெருக்க உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இத்தனை பெரிய பெருக்கல் போட்டதில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. விடை உதைத்தது. எங்கே பிழை என்று தெரியவில்லை. பிழை இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. கீறல் பானையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த லூகாஸின் நிலைமை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி எட்டிப் பார்த்தாள். "என்ன தாத்தா, வீட்டுப் பாடமா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். தாளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஏன் தாத்தா இத்தனை கஷ்டப்பட்டீங்க? கீழே இருக்கிற எண்ணிலே ஏழு மூணு தடவை வருது. ஒரு தடவை பெருக்கினாப் போதுமே. மத்த ரெண்டு வரியிலேயும் அதையே தள்ளித் தள்ளி எழுதிக்கலாம். ஒண்ணு ரெண்டு தடவை வருது. அதுக்குப் பெருக்கவே வேண்டாம். ஒரு பூஜ்யம். ஆக ரெண்டு, மூணு, ஏழு, ஒன்பது, நாலே நாலு பெருக்கல்தான்!" என்றாள்.

அவள் சொன்னபடியே போட்டோம். ஒன்பதால் பெருக்கிய வரியில் நான் ஒரு மிச்சத்தை விட்டிருந்தது அகப்பட்டது. வரிகளை அடுக்கி, வலமிருந்து இடமாக இருவருமாகக் கூட்டிக்கொண்டு வந்தோம். ஏழு. இரண்டு. ஒன்பது. இரண்டு. ஒன்று. நாலு... ஒவ்வொரு இலக்கமும் வந்து உட்கார உட்கார, புஸ்தகத்தைப் பார்த்துப் பேத்தி ஒரு டிக் போட்டாள். கடைசி இலக்கம் ஒன்று. இருபத்தோரு டிக். இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது.

கோலுக்கு மூன்று வருஷம் பிடித்தது எங்களுக்கு இருபது நிமிஷத்தில் தீர்ந்தது. உண்மையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கும், கண்டுபிடித்ததைச் சரிபார்ப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம்! இந்த வித்தியாசத்தையே 1977-ல் மூன்று பேராசிரியர்கள் ஒரு பூட்டாகச் செய்தார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி விடையை ஊரறியச் சொல்லிவிடுவது. காரணிகளை மட்டும் மறைத்து வைத்துக்கொள்வது. அந்த வருஷம் ஒரு பத்திரிகையில் 129 இலக்க எண் ஒன்றைப் போட்டு, உடைப்பவருக்கு நூறு டாலர் பரிசு என்றார்கள். 1994-ல், சுமார் அறுநூறு பேர் தங்கள் கம்ப்யூட்டர்களை ஒன்று சேர்த்து, எட்டு மாத காலம் உழைத்து உடைத்தார்கள். கோலின் எண்ணை இன்று ஒரு கைப்பேசி கண் இமைக்கும் நேரத்தில் உடைத்துவிடும். ஆனால் பூட்டு எண்களை அதற்குத் தக்கபடி இன்னும் நீளமாக்கிக்கொண்டார்கள். அந்த மாதிரிப் பூட்டு நம் ரகசியங்கள் பலவற்றைக் காத்து வந்திருக்கிறது. சுண்டிப் பார்க்கும் வித்தையும் மறைந்துவிடவில்லை. 2024 அக்டோபரில், 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண் ஒன்றை அறிவித்தார்கள். 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது அது. அதையும் லூகாஸின் விரலால்தான் சுண்டிச் சரிபார்த்தார்கள்.

ஆனால் எனக்கு அன்று மத்தியானம் பெரிதாகத் தோன்றியது வேறு. பெல் கதை கட்டினாரோ இல்லையோ, கோல் பேசினாரோ பேசாமல் இருந்தாரோ, கூட்டமே நடக்காவிட்டாலும்கூட, அந்தப் பெருக்கல் அப்படியே இருக்கிறது. அதை நம்புவதற்கு யார் நாணயத்தையும் நான் நம்ப வேண்டியதில்லை. மெர்சென் எத்தனை பெரியவர்! ஆனால் இருநூற்றைம்பத்தொன்பது வருஷம் நின்ற அவர் வாக்கு அந்த எட்டு வரிப் பெருக்கலின் முன் நிற்கவில்லை. எழுத்துத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். நான் எழுதிய ஒரு வரியையாவது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தாளும் பென்சிலும் கொண்டு சரிபார்க்க முடியுமா என்று யோசித்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெல் அந்தக் கதையைச் சொல்லியிராவிட்டால் நான் இந்த எண்ணைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டேன். நாலு பக்கக் கட்டுரை நூலகத்துப் பரணில் தூங்கியிருக்கும். கதைதான் என்னை அந்தப் பலகை வரைக்கும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு பெருக்கிப் பார்ப்பது என் வேலை. அதை நான் பல வருஷங்களாகச் செய்யாமல் இருந்தேன் என்பதுதான் என் குற்றம். இப்போதும் மேடைகளில் அந்தக் கதையைச் சொல்லுகிறேன். 'பெல் என்ற நாவலாசிரியர் சொல்லுகிறபடி' என்று ஆரம்பிக்கிறேன். சாக்குக்கட்டி ஒடிவதில்லை. சபையும் ஒன்றும் குறைவாகக் கேட்கவில்லை.

அந்த மத்தியானம் போட்ட பெருக்கல் தாளை மடித்து, கூட ஒரு வார்த்தையும் எழுதாமல், ஓய்வு பெற்ற அந்த வாத்தியாருக்குத் தபாலில் அனுப்பி வைத்தேன். பத்து நாளில் அதே தாள் திரும்பி வந்தது. அவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. சிவப்பு மசியில் வரிக்கு ஒரு டிக் இருந்தது. ஓரத்தில் பத்துக்கு ஒன்பது மார்க் போட்டிருந்தார். ஒரு மார்க்கை எதற்குக் குறைத்தார் என்று தேடினேன். ஒன்பதால் பெருக்கிய வரியில், நான் பழைய இலக்கத்தை அழிக்காமல் அதன் மேலேயே எழுதித் திருத்தியிருந்த இடத்தில், ஒரு சின்னச் சிவப்பு வட்டம் இருந்தது.